பௌர்ணமிக்கு மறுநாள்... திருவண்ணாமலையில் எந்தப் பிரச்னைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை செய்தியில் இருக்கும். எத்தனை லட்சம் பேர் கிரிவலம் வந்தார்கள், எத்தனை சிறப்புப் பேருந்துகள் ஓடின, எங்கே நெரிசல் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். மறுநாள் காலையில் கூட்டம் கலைந்ததும் பேச்சும் அடங்கிவிடும்.

ஆனால், அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அன்றைக்கும் குழாயில் தண்ணீர் வர வேண்டும். குப்பை வண்டி தெருவுக்குள் வர வேண்டும். எரியாத தெருவிளக்கை யாராவது மாற்ற வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த ஊரின் மக்கள்தொகை 1,45,278. கார்த்திகை தீபத்தன்று வந்துபோகும் கூட்டமோ அதைப்போலப் பல மடங்கு. வந்தவர்களும் இருப்பவர்களும் பயன்படுத்துவது அதே சாலை, அதே கால்வாய், அதே கழிப்பறை. இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்பு எப்படி இயங்குகிறது? தெரிந்து வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்!

நகராட்சியிலிருந்து மாநகராட்சி

திருவண்ணாமலை நகராட்சி தொடங்கப்பட்டது 1886-ல். உள்ளூர் விஷயங்களை உள்ளூர்க்காரர்களே கவனிக்கட்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் 1882-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1884-ல் நகராட்சிகளுக்கான சட்டம் வந்தது. அந்தக் காலகட்டத்தில் உருவான நகராட்சிகளில் இதுவும் ஒன்று.

138 ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் இதை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தும் அறிவிப்பு வந்தது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடியோடு சேர்த்து திருவண்ணாமலையும் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மாநகராட்சியானது. தமிழகத்தில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆனது. நகர்மன்றத் தலைவர் மேயரானார், துணைத் தலைவர் துணை மேயரானார்.

பெயர்ப்பலகை மாறினால் வரி கூடுமோ என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. பெரிய ஊரோடு கிராமங்களை இணைக்கும் பேச்சு வரும் இடங்களிலெல்லாம், வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்று கிராம மக்கள் எதிர்ப்பு தெரிவிப்பதைத் தமிழகம் முழுக்கப் பார்க்கிறோம். ஆனால், சமீப ஆண்டுகளில் சொத்து வரி பெரிதாக உயர்ந்தது, இந்தத் தரம் உயர்வுக்கு முன்பே, 2022 ஏப்ரலில் நடந்துவிட்டது. அப்போது சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடிவரையிலான வீடுகளுக்கு 25 சதவிகிதமும், 1,200 சதுர அடிவரை 50 சதவிகிதமும், 1,800 சதுர அடிவரை 75 சதவிகிதமும், அதற்கு மேல் 100 சதவிகிதமும் வரி கூடியது.

கவுன்சிலரே இல்லாத ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலம்

தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்கவேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான்.

இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தைக் கவனித்தார்கள். குப்பை அள்ளினார்கள், தண்ணீர் விட்டார்கள். ஆனால், 'எங்கள் தெருவுக்கு இன்னும் கால்வாய் வரவில்லை' என்று மன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஆள் இல்லை. கொரோனா காலமும் அதற்குள்ளேயே வந்துபோனது.

2022-ல் திருவண்ணாமலையின் 39 வார்டுகளுக்கும் மீண்டும் கவுன்சிலர்கள் வந்தார்கள். பெண்களுக்கு 50 சதவிகித இட ஒதுக்கீட்டோடு நடந்த தேர்தல் அது. குடிநீர் வராத நாளில் குடத்தோடு அலைகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் மன்றத்தில் உட்காருவது நல்ல விஷயம்தானே!

கேட்டதுமே ஏன் நடப்பதில்லை?

'கவுன்சிலரிடம் சொல்லி மூன்று மாதம் ஆச்சு' என்ற புலம்பல் எல்லா ஊரிலும் உண்டு. கவுன்சிலர் நினைத்த மாத்திரத்தில் கால்வாய் கட்டிவிட முடியாது. முதலில் பொறியியல் பிரிவு இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அது மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கப்பட்டுத் தீர்மானமாக வேண்டும். பிறகு நிதி ஒதுக்கீடு, டெண்டர், வேலை உத்தரவு. குழாய் உடைப்பு போன்ற அவசர வேலை என்றால் முதலில் செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதல் வாங்குவதும் உண்டு.

அதனால், புகார் சொல்லும்போதே 'இது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? மதிப்பீடு போட்டாச்சா, தீர்மானம் ஆயிடுச்சா, டெண்டர் விட்டாச்சா?' என்று கேட்பது புத்திசாலித்தனம். 'பார்க்கலாம்' என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்காது.

ஒரே தெரு... பல அலுவலகங்கள்!

திருவண்ணாமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோயில் அறநிலையத் துறையிடம் இருக்கிறது. மலையில் காடு இருக்கும் பகுதி வனத்துறையிடம். செங்கம் சாலை, போளூர் சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை போன்ற இடங்கள் நெடுங்காலமாக ஊராட்சிப் பகுதிகளாக இருந்தவை. ஒரே சுற்றில் பக்தர்கள் பல அலுவலகங்களின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார்கள்.

இதனால் புகார் மனு தவறான மேசைக்குப் போய்த் தூங்குவது சகஜம். சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

* குடிநீர், தெருக் கால்வாய், குப்பை, தெருவிளக்கு, உட்புறத் தெருக்கள், சொத்து வரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ் - மாநகராட்சி.
* பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் - வட்டாட்சியர் அலுவலகம்.
* மின்தடை, மின்கம்பி பிரச்னை - மின்வாரியம். கம்பத்தில் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அது மாநகராட்சியின் வேலை.
* அன்னதானம் செய்ய அனுமதி - மாவட்ட நிர்வாகமும் உணவுப் பாதுகாப்புத் துறையும்.

அன்னதானம் முடிந்த பிறகு கிடக்கும் தட்டுகளையும் டம்ளர்களையும் அள்ளுவதோ தூய்மைப் பணியாளர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. வாழை இலையிலோ பாக்குமட்டைத் தட்டிலோ பரிமாறினால் புண்ணியத்தோடு அவர்களின் வேலைப்பளுவும் கொஞ்சம் குறையும்.

தேதி தவறினால் அலைச்சல்

பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும். வீட்டில் நடந்தால் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் இனிஷியலையும் எழுத்துப் பிழையையும் வாங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முன்கூட்டியே கட்டினால் 5 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. செல்போனிலேயே கட்டலாம். ரசீதைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள்.

வ.உ.சி நகரில் நடந்தது

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம் என்று தோன்றலாம். 2024 டிசம்பர் 1 அன்று அப்படித் தோன்றவில்லை. ஃபெஞ்சல் புயலின் மழையில் வ.உ.சி நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடுகள் புதைந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

வாடகை கட்டுப்படியாகாதவர்கள், இருக்கும் பணத்தில் ஒரு மனை வாங்க நினைப்பவர்கள் மெள்ள மெள்ள மேட்டை நோக்கி நகர்வது மலையடிவார ஊர்களில் வழக்கம். முதலில் கூரை, பிறகு சுவர், பிறகு மின் இணைப்பு, அதன் பிறகு வரி ரசீது. ரசீது கையில் வந்ததும் வீடு சட்டப்படி உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும்.

உண்மை அதுவல்ல. வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டுமே. மனையின் உரிமைக்கோ, கட்டட அனுமதிக்கோ, அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்கோ அது சான்று ஆகாது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிவரையிலான மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறும் வசதி வந்திருக்கிறது. வசதி எளிதாகும்போது பொறுப்பும் நம் பக்கம் வருகிறது. சரிவிலோ நீரோடையிலோ மனை வாங்குவதற்கு முன், வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகையையும், மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையும் கேட்பது ஒருநாள் வேலைதான். மழைக்காலத்துக்கு முன்பே மலையோரக் கால்வாய்களைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பதும், மேட்டில் குடியிருப்பவர்களை எங்கே தங்கவைப்பார்கள் என்று கவுன்சிலரிடம் கேட்பதும் அப்படித்தான்.

பதில் வரவில்லையா?

வாய்மொழிப் புகாரை நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதிலும் நகரவில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் பதிவு செய்யலாம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம் நடக்கிறது. மனு எந்த நிலையில் இருக்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். லஞ்சம், முறைகேடு என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கே எழுதலாம்.

இவற்றையெல்லாம்விடப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. கிராமசபை போலவே நகரங்களில் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழகத்தில் இது தொடங்கியது. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் இதில் உறுப்பினர்கள். கவுன்சிலரும் அலுவலர்களும் எதிரிலேயே இருப்பார்கள். நீங்கள் சொல்வது குறிப்பேட்டில் பதிவாகும்.

அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் சொன்னால் குறை, தெருவே சேர்ந்து சொன்னால் அது கோரிக்கை!