நூத்துக்கு எண்பது ஜெயிச்சும் கையில் ஏன் காசு நிக்கல?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கழித்தல் கணக்குதான்.

2022-ல நான் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் வித்துக்கிட்டு இருந்தேன். காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங் முடிஞ்சதும் ஒரு லாட் விற்பேன், சாயங்காலத்துக்குள்ள ஸ்கொயர் ஆஃப் பண்ணிடுவேன். 40 டிரேடுல 32 லாபம். 80 சதவீதம்! செமஸ்டர்ல கூட நான் அவ்ளோ எடுத்ததில்ல. அந்தத் தெம்புல அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்து 3 லட்சம் கேட்டேன்.

அவர் அந்த 80-ஐக் கண்டுக்கவே இல்ல. "எல்லாம் போக கையில எவ்ளோடா நிக்குது?"ன்னு மட்டும் கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

அன்னைக்கு ராத்திரி டிரேட்புக்கை டவுன்லோட் பண்ணி உட்கார்ந்தேன். லாபம் வந்த 32 டிரேடுல சராசரி லாபம் 900 ரூபாய். நஷ்டமான 8-ல சராசரி நஷ்டம் 3,200. இதை வச்சு ஒரு டிரேடுக்கு சராசரியா என்ன கிடைக்குதுன்னு பார்க்கிறதுக்குப் பேர்தான் எக்ஸ்பெக்டன்சி. ஜெயிக்கிற விகிதத்தைச் சராசரி லாபத்தால பெருக்கணும், தோக்கிற விகிதத்தைச் சராசரி நஷ்டத்தால பெருக்கணும், முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிக்கணும். 0.8 × 900 = 720. 0.2 × 3,200 = 640. மிச்சம் 80 ரூபாய்.

அதுவும் செலவுக்கு முன்னாடி! விற்க 20, திரும்ப வாங்க 20ன்னு புரோக்கரேஜே 40. ஜிஎஸ்டி, எஸ்டிடி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்த்தா என் கான்ட்ராக்ட் நோட்ல சுமார் 55 வந்தது. ஆக 25 ரூபாய். நாள் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல மார்ஜினை முடக்கி வச்சு, ஒரு டீயும் வடையும்.

சரி, பிளஸ்லதானே இருக்கு, லாட்டை ஏத்தினா போச்சுன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த 8 நஷ்டத்துல ஒண்ணு மட்டும் 11,000. பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்த நாள். நிஃப்டி 800 புள்ளிக்கு மேல விழுந்துச்சு. பிரீமியம் நல்லா ஏறியிருக்கேன்னு நான் காலையிலேயே புட் வித்திருந்தேன் (சிரிக்காதீங்க). அந்த மாதிரி இன்னும் ஒரே ஒரு நாள் வந்திருந்தா, 41 டிரேடோட சராசரி மைனஸ் 190 ஆகியிருக்கும்.

காலேஜ்ல படிச்ச ஸ்டாண்டர்ட் எரர் இங்கதான் உதவுச்சு. ஒவ்வொரு டிரேடின் முடிவும் சராசரியில இருந்து எவ்ளோ சிதறுதுங்கிற ஸ்டாண்டர்ட் டீவியேஷனை, டிரேட் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கணும். எனக்கு 2,160-ஐ 6.3-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 340. அதாவது என் 80 ரூபாய், 340 கூடவோ குறையவோ இருக்கலாம். இந்த ஸ்ட்ராட்டஜி லாபமா நஷ்டமான்னு 40 டிரேடை வச்சு சொல்லவே முடியாது. ஆப்ஷன் விற்கிறவங்களுக்கு இது இன்னும் மோசம். சின்னச் சின்ன லாபம் அடிக்கடி வரும், பெரிய அடி எப்பவாவதுதான் விழும். அது இன்னும் விழாத டேட்டாவை வச்சு சராசரி எடுத்தா அழகாத்தான் இருக்கும்.

2024 செப்டம்பர்ல செபி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுல, எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அவங்கள்ல எத்தனை பேர் என்னை மாதிரி வின் ரேட் ஸ்கிரீன்ஷாட் வச்சிருந்தாங்களோ.

மறுநாள் காலையில அப்பாகிட்ட "25 ரூபாய்ப்பா"ன்னு சொன்னேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "ஒரு நாளைக்கா?"ன்னார். ஆமான்னேன். அந்த 3 லட்சம் இன்னும் போஸ்ட் ஆபீஸ்லதான் இருக்கு.