படம் முடிந்தும் உட்கார்ந்திருங்கள்

தேனி மாவட்டம் தேவாரத்தில் நின்றால் மேற்கே மலை மதில்போல மறிக்கிறது. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டம் அந்தப் பக்கம். காய் எடுக்கப் போகிறவர்களில் பலர் இந்தப் பக்கம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுற்றிப் போகிறார்கள். சாக்கலூத்து மெட்டு என்ற மலைவழியாக நேர்ச்சாலை கேட்டுக் கேட்டே எத்தனையோ தேர்தல் கடந்துவிட்டது.

தேச வரலாறு என்று நாம் படித்ததெல்லாம் தண்டியும் டெல்லியும். 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதும் தேச வரலாறுதான். இந்த ஊருக்கு அது தினசரி ஜீப் பயணம்.

அதை ஊர்க்காரர்களே பேச, திடலில் ஒரு படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம். இப்படித் திடலில் திரை கட்டி வரலாறு பேசுவது புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு, ஊர் ஊராகப் படம் காட்டித் துண்டேந்திய காசில் 'அம்மா அறியான்' எடுத்தது, 1986-ல். படத்தைத் திரும்ப ஊர்களுக்கே கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம், 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைச் சொல்லும் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் சிறிய அரங்குகளில் சுற்றியது.

தேவாரத்தில் போட வேண்டியது, என் பார்வையில், 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. இயக்குநர் லெனின் பாரதி இந்த மலையடிவாரத்திலேயே எடுத்தது. மலைக்கும் ஊருக்குமாகச் சுமை தூக்கிக் காணி நிலம் வாங்கத் துடிக்கும் ரங்கசாமி, கடைசியில் தன் கையைவிட்டுப் போன நிலத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்கிறான். அந்த இடத்தில் விளக்கைப் போட வேண்டும்.

பிறகுதான் சிக்கல். நம் ஊர்களில் படம் முடிந்ததும் மைக்கைப் பிடிப்பவர் 'சிறப்புரை' ஆற்றத் தொடங்குவார். ஒருமுறை ஓர் ஊரில் படத்தைவிட உரை நீளம். கூட்டம் கலைந்து, ஜமுக்காளம் மடிப்பவர்தான் மிச்சம். பேச்சை நடத்துபவர் பேசக் கூடாது, கேட்க வேண்டும். அதுவும் பெரிய கேள்வியாக வேண்டாம். "ரங்கசாமி ஏறும் தடம் எது தாத்தா? நீங்க அதுல ஏறியிருக்கீங்களா? எல்லைக்கல் போட்டப்ப உங்க அப்பா எந்தப் பக்கம் இருந்தாரு?" இந்த மாதிரி. ஒருவர் வாய் திறந்தால் இன்னொருவர், "அதில்லப்பா, அது வேற மெட்டு" என்று திருத்துவார். பாடப்புத்தகம் பதியாமல் விட்டது அந்தத் திருத்தலில்தான் வெளிவரும்.

பண்ணைப்புரம் கூப்பிடு தூரம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக மலையேறிப் பாடிய பாவலர் வரதராசன் அந்த ஊர்க்காரர். அவர் தம்பி இளையராஜாதான் இந்தப் படத்துக்கு இசை. பேச்சு மந்தமானால் பாவலர் பெயரை எடுத்தால் போதும், பெரிசுகள் விடமாட்டார்கள்.

ஒன்று மட்டும். படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பார்ப்பவர்கள் விடியுமுன் ஜீப்புக்கு நிற்க வேண்டியவர்கள். ஏழு மணிக்கே போட்டுவிடுங்கள்.