விளக்குச் சிமிட்டலும் ஒப்பந்த வரம்பும்

மின்சாரக் கம்பி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மாவரைக்கும் இயந்திரமும், மரமறுக்கும் பட்டறையும், பள்ளிப் பிள்ளையின் படிப்பு விளக்கும் ஒரே தொடரிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. ஆதலின் ஒருவர் செய்யும் அசைவு மற்றவரைத் தீண்டாமல் இராது. இவ்வுண்மையே, மின் உற்பத்தி நிலையங்களைப் பொதுத் தொடரோடு இணைக்கும் ஒப்பந்தங்களில் 'சிமிட்டல் வரம்பு' என்னும் விதியாக வடிவெடுத்திருக்கிறது. அதன் பொருளைச் சிறிது ஆராய்வோம்.

குஜராத்தின் கச்சுப் பகுதியிலும், ராஜஸ்தானத்து ஜெய்சால்மரிலும், மகாராஷ்டிரத்துச் சாத்தாராவிலும் தொழில் நிமித்தம் வாழும் தமிழன்பர்களுக்குக் காற்றாலை புதிய காட்சியன்று. முப்பந்தலில் கண்டதையே அங்கும் காண்கிறார்கள். நம் நாட்டில் செயல்விளக்கத்துக்கென முதன்முதல் நிறுவப்பெற்ற காற்றாலைத் தொகுதிகள், 1986-ஆம் ஆண்டில் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி ஆகிய கடற்கரைகளில் எழுந்தன. ஆகவே இவ்விஷயம் தமிழ்நாட்டுக்கும் நீங்கள் இன்று வாழும் மாநிலங்களுக்கும் பொதுவானது.

காற்றாலை ஏன் விளக்கைச் சிமிட்டச் செய்கிறது? காற்று ஒரே சீராக வீசுவதில்லை என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம், இயந்திரத்தைத் தாங்கும் தூண். தூணுக்கு முன்னே காற்றின் வேகம் சற்றுக் குறைகிறது. ஒவ்வோர் இறக்கையும் அவ்விடத்தைக் கடக்கும்போது உற்பத்தியும் சற்றுத் தாழ்கிறது. மூன்று இறக்கைகளோடு நிமிடத்துக்கு 20 சுற்றுச் சுழலும் இயந்திரத்தில், இத்தாழ்வு நிமிடத்துக்கு 60 முறை நேரும். உற்பத்தி தாழ்ந்து எழுந்தால், கம்பியிலுள்ள மின்னழுத்தமும் அதனோடு தாழ்ந்து எழும். பழைய இயந்திரங்கள் ஒரே வேகத்தில் சுழன்று தொடரோடு நேரே பிணைந்திருந்தமையால், இந்த நடுக்கம் முழுவதும் கம்பிக்குச் சென்றது. வேகம் மாறிச் சுழலக்கூடிய இக்காலத்து இயந்திரங்கள் இதைப் பெரிதும் தணித்துவிடுகின்றன.

சிமிட்டலை அளக்கும் கோல் மனிதனின் கண்ணே எனலாம். மின்னழுத்தம் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் மாறினால், ஏறத்தாழ 2.7 விழுக்காடு வரை கண் பொறுத்துக்கொள்கிறது. அதே மாற்றம் நிமிடத்துக்கு 110 முறை நேருமாயின், 0.7 விழுக்காட்டிலேயே பொறுமை தீர்ந்துவிடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 9 முறை நேரும் ஏற்றத்தாழ்வே கண்ணுக்கு மிகவும் உறுத்துவது. 60 வாட் இழை விளக்கின் ஒளியை வைத்து இக்கணக்கு வகுக்கப்பட்டது. தொல்லை தொடங்கும் அந்த எல்லைக்கு 1 என்று எண் கொடுத்தார்கள். பத்து நிமிட அளவு 'குறுங்கால அளவு' எனவும், அத்தகைய பன்னிரண்டு அளவுகளிலிருந்து கணக்கிடும் இரண்டு மணி நேர அளவு 'நெடுங்கால அளவு' எனவும் பெயர் பெற்றன.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61000 என்னும் வரிசைத் தரங்கள், நடுத்தர அழுத்தத் தொடர்களுக்குக் குறுங்கால அளவாக 0.9, நெடுங்கால அளவாக 0.7 என்னும் திட்ட எண்களைச் சுட்டுகின்றன. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் 2007-இல் வெளியிட்ட இணைப்புத் தர ஒழுங்குமுறைகள் 2013-இல் திருத்தப்பட்டபோது, காற்று, சூரிய ஒளி நிலையங்கள் இவ்வரிசைத் தரங்களின் வரம்பைத் தாண்டிச் சிமிட்டலை உண்டாக்கலாகாது என விதிக்கப்பட்டது. அவ்விதி 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திட்ட எண் என்பது தொடர் முழுவதற்கும் உரியது. ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதன்று. வாய்க்கால் நீரை முதல் வயலுக்காரர் முழுவதும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும் அன்றோ? அவ்வாறே, முதலில் இணைந்த நிலையம் வரம்பு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டால், பின்னர் வரும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சிறு ஆலைக்கோ இடமில்லாது போகும். ஆகையால், ஒப்புக்கொண்ட மின்திறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு பிரித்தளிப்பதே முறை. ஒத்த இயந்திரங்கள் பல இருப்பினும் அவற்றின் நடுக்கங்கள் ஒரே கணத்தில் நேர்வதில்லை. ஆதலின் 16 இயந்திரங்களின் சிமிட்டல் ஓர் இயந்திரத்தினுடையதைப் போல் 16 மடங்காகாது, ஏறத்தாழ 4 மடங்கே ஆகும். இதை அறியாது வெறுமனே கூட்டிக் கணக்கிட்டால் நல்ல திட்டமும் மறுக்கப்பட்டுவிடும்.

எனவே ஒப்பந்தத்தில் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் போதாது. எவ்விடத்தில் அளப்பது என்பதை முதலில் குறிக்க வேண்டும். நிலையத்தின் கம்பி பொதுத் தொடரைச் சந்திக்கும் இடமே அதற்குரியது. நிலையம் இணையுமுன் அங்கே ஏற்கெனவே இருந்த சிமிட்டல் எவ்வளவு என்பதையும் அளந்து பதிய வேண்டும். இன்றேல் பக்கத்து உருக்காலையின் குற்றம் காற்றாலையின் தலையில் விழும். தொடரின் வலிமையையும் எழுத வேண்டும். வலிமை பாதியானால் அதே இயந்திரத்தின் சிமிட்டல் இரு மடங்காகும். பிற்காலத்தில் விநியோக நிறுவனம் கம்பி அமைப்பை மாற்றி வலிமையைக் குறைத்தால், அதன் செலவை உற்பத்தியாளர் சுமப்பது நியாயமாகாது. உற்பத்தியாளர் கூறியதற்கு மாறான இயந்திரத்தை நிறுவினாலோ பொறுப்பு அவருடையதே. வரம்பு மீறினால் எத்தனை நாளில் திருத்த வேண்டும், எந்நிலையில் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பனவும் ஐயத்துக்கு இடமின்றி இருத்தல் வேண்டும்.

இவ்வொப்பந்தத்தில் வீட்டு விளக்கின் கீழ் அமர்ந்திருப்பவர் கையெழுத்திடுவதில்லை. எனினும் அது காப்பது அவரைத்தான். உங்கள் வீட்டு விளக்கு சிமிட்டினால், முதலில் வீட்டுக் கம்பியின் இணைப்புகள் தளர்ந்துள்ளனவா என்று மின் பணியாளரைக் கொண்டு பாருங்கள். அக்கம் பக்கத்து வீடுகளிலும் அவ்வாறே நேருமாயின், நாளையும் நேரத்தையும் குறித்து விநியோக நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர் மன்றம் அமைத்திருக்க வேண்டும். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அம்மன்றத்தை நாடும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் குறித்து வைத்த நேரத்தைக் காற்றாலையின் உற்பத்திப் பதிவோடு ஒப்பிட்டால், சிமிட்டலின் மூலத்தைத் தேடுவது பொறியாளருக்கு எளிதாகும்.