கறுப்புக் காரில் மெல்லிய கீறல்களா? பாலிஷ் போடும் முன் நகத்தால் சோதியுங்கள்

கறுப்பு, கருநீலக் கார்களில் வெயில் பட்டதும் சிலந்தி வலைபோலத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் வண்ணத்தில் விழுந்தவை அல்ல. வண்ணத்திற்கு மேலுள்ள ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற பூச்சில் விழுந்தவை. தூசியைக் கழுவாமல் துணியால் துடைப்பதே பல வேளைகளில் காரணம்.

கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. பாலிஷ் மட்டும் போதாது. சிக்காவிட்டால், காரைக் கழுவி உலர்த்தி, நிழலில் நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியில் சிறிதளவு பாலிஷ் எடுத்து, முதலில் ஒரு சிறு இடத்தில் தேய்த்துப் பார்க்கலாம்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. அந்தப் பூச்சோ பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிப்புதான். ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. தேய்ந்தது திரும்ப வராது. ஆகவே, பளபளப்புக்காக அடிக்கடி பாலிஷ் போடாமல், வேக்ஸ் பூசிப் பாதுகாப்பதே நல்லது.