ஒயின் பட்டியலை எடை போடுவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆஸ்பென். 1880களில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்து, 1893இல் வெள்ளி விலை சரிந்ததும் நொடித்துப்போய், பிறகு பனிச்சறுக்கால் பிழைத்துக்கொண்ட ஊர். அங்குள்ள விடுதி ஒன்றின் உணவகத்துக்கு ‘எலிமென்ட் 47’ என்று பெயர். வெள்ளியின் அணு எண் 47. ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் ஒயின் பட்டியல்களுக்குத் தரும் மூன்று படி விருதுகளில் உச்சப் படியைப் பெற்ற இடம் அது. அந்தப் படிக்கு 1,000 வகைகளாவது பட்டியலில் இருப்பது வழக்கம்.

அவ்வளவு தடிமனான பட்டியலைக் கையில் கொடுத்தால் சாப்பிட வந்தவர் என்ன செய்வார்? விருதை நம்புவார். நம்பலாமா? 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர் இத்தாலியின் மிலான் நகரில் இருப்பதாக ஓர் உணவகத்தைக் கற்பனையாகவே உருவாக்கினார். அதற்கொரு இணையதளம், ஒரு தொலைபேசி எண், ஓர் ஒயின் பட்டியல். 250 டாலர் கட்டணம் கட்டி அதே இதழின் விருதுக்கு விண்ணப்பித்தார். பட்டியலின் விலையுயர்ந்த பகுதியில், அந்த இதழே முன்பு குறைந்த மதிப்பெண் போட்டிருந்த ஒயின்களாகப் பொறுக்கி வைத்திருந்தார். முதல் படி விருது கிடைத்துவிட்டது! நாங்கள் மதிப்பிடுவது பட்டியலைத்தான், உணவகத்தை அல்ல என்பது இதழின் விளக்கம். அடுப்பே பற்றவைக்காத கடைக்கு விருது கொடுத்த பிறகு வேறென்ன சொல்ல முடியும்?

என்னைக் கேட்டால், பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கிளாஸ் கணக்கில் விற்கும் ஒயின்களின் எண்ணிக்கை. பாட்டிலைத் திறந்த நொடியிலிருந்து ஆக்சிஜன் வேலையைத் தொடங்கிவிடும். ஒயினில் இருக்கும் துளியளவு இரும்பும் துவர்ப்புப் பொருள்களும் துணைபோக, ஆல்கஹால் மெல்ல மெல்ல அசிட்டால்டிஹைடாக மாறும். பழ வாசம் மங்கி, அடிபட்ட ஆப்பிளின் வாடை எழும். பெரும்பாலான ஒயின்கள் சில நாள்களுக்கு மேல் தாங்குவதில்லை. கிளாஸில் தரும் வகைகள் கூடக்கூட, திறந்த பாட்டில் ஒவ்வொன்றும் காலியாக நாளாகும்.

சுற்றுலா ஊர்களில் இது இன்னும் சிக்கல். ஆஸ்பெனில் பனிக்காலத்திலும் கோடையிலும் கூட்டம் அலைமோதும். இடைப்பட்ட மாதங்களில் தெருவே காலி. ஆளில்லாத ஏப்ரல் கடைசியில் ஒரு சின்னக் கடை 30 வகைகளைக் கிளாஸில் தருகிறது என்றால், அவற்றில் பல எப்போதோ திறந்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் விதிவிலக்கு. தக்கையை எடுக்காமல் மெல்லிய ஊசியை அதில் இறக்கி, ஆர்கான் வாயுவைச் செலுத்தி ஒயினை வெளியே வரவைக்கும் ‘கொராவின்’ கருவி 2013இல் சந்தைக்கு வந்தது. ஆர்கான் எதனுடனும் வினைபுரியாது. அந்தக் கருவி இருக்கும் கடையில் நீளமான கிளாஸ் பட்டியலைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, திராட்சை பறித்த ஆண்டு. ஒயினின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டைப் போடாத பட்டியலை நான் மதிப்பதில்லை. பெரும்பாலான ஷாம்பெயின்கள் போலப் பல ஆண்டுச் சரக்கைக் கலந்து செய்பவை மட்டும் வேறு கணக்கு. பிறகு, பட்டியலை மூடிவிட்டு அலமாரியைப் பாருங்கள். நிறமற்ற கண்ணாடி பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் அழகுக்கு அடுக்கியிருக்கிறார்களா? ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, ஒளியை உறிஞ்சி அமினோ அமிலங்களைச் சிதைக்கும். அதில் பிறக்கும் கந்தகச் சேர்மங்களுக்கு வெந்த முட்டைக்கோஸின் நாற்றம்.

விலையை வைத்துத் தரத்தை முடிவுசெய்யாதீர்கள். 2008இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவர்கள் அதிகம் ருசித்ததாகச் சொன்னது மட்டுமல்ல. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் ஸ்கேனில் கூடுதலாகத் துடித்தது. விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

எவ்வளவு நல்ல பட்டியலாலும் தடுக்க முடியாத ஒரு கோளாறு உண்டு. தக்கையில் பூஞ்சையால் உருவாகும் டிரைகுளோரோஅனிசோல், லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். சர்வர் முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது இதைக் கண்டுபிடிக்கத்தான். முகர்ந்து பாருங்கள், அந்த வாடை வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். கிளாஸில் வாங்குவதாக இருந்தால், பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டுவிட்டே ஆர்டர் சொல்லுங்கள்.