புறப்படு – சொல்லும் பொருளும்

புறப்படு என்பது ஓரிடத்தை விட்டு நீங்குதலைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல். புறம், படு என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. புறம் என்பதற்கு வெளி, பக்கம், முதுகு எனப் பல பொருள்கள் உண்டு. புறங்காட்டி ஓடினான் என்பதில் அது முதுகு. புறப்படு என்பதில் வெளி. ஆகவே இச்சொல்லின் அடிப்படைப் பொருள் 'போதல்' அன்று, 'வெளியே வருதல்' எனக் கொள்வதே பொருந்தும். உடம்பில் கட்டி புறப்பட்டது என்றால் அது எங்கும் போய்விடவில்லை. உள்ளிருந்தது வெளியே தெரிகிறது. இந்த வகையில் வெளிப்படு என்பதற்கு இது உடன்பிறப்பு. இன்றைய வழக்கில் வெளிப்படு தெரியவருதலுக்கும், புறப்படு பெரும்பாலும் பயணத்துக்கும் என்று பிரிந்து நிற்கின்றன.

இதன் பெயர்ச்சொல் புறப்பாடு. கெடு என்பது கேடு ஆவதுபோல் படு என்பது பாடு ஆகிறது. இலக்கணத்தில் இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ரயில் கால அட்டவணையில் 'வருகை'க்கு எதிரே நிற்கும் சொல்லே கோயில் விழா அழைப்பிதழிலும் நிற்கிறது.

கோயில் வழக்குக்குக் கடலூர் மாவட்டத்தில் நல்ல சான்றுகள் உண்டு. பொதுவாகச் சிவாலயங்களில் மூலவர் கருவறையிலேயே இருக்க, உற்சவரே வீதிக்கு வருவார். சிதம்பரத்திலோ மூலவரான நடராசரே ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரு விழாக்களிலும் சிற்சபையை விட்டு வெளியே வந்து தேரேறுகிறார். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் தங்கி, மறுநாள் திருமுழுக்கும் தரிசனமும் முடிந்தபின் சிற்சபைக்குத் திரும்புகிறார். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கும், கடலூர்ப் பகுதித் தெய்வங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் புறப்பாடு செய்வதும் இவ்வாறே. புறம் என்பதன் சொற்பொருள் இங்கே கண்ணெதிரே நிகழ்கிறது.

வீட்டு வாசலில் "போறேன்" என்பதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. "போயிட்டார்" என்பது இறப்பையும் குறிப்பதே காரணம். "போயிட்டு வரேன்" என்றே சொல்லவேண்டும். "புறப்படறேன்" என்பதற்கு அத்தகைய தடை இல்லை. அதனால் இதை மங்கலச் சொல் என்று சிலர் விளக்குவதுண்டு. அவர்கள் இரங்கல் அறிவிப்புகளைக் கவனிக்கவேண்டும்: இறுதி ஊர்வலமும் இல்லத்திலிருந்து 'புறப்படும்' என்றே அச்சிடப்படுகிறது.

பேச்சில் இதைவிட மிகுதியாகக் கேட்பது கிளம்பு. அதன் பொருள் மேலெழுதல். தூசி கிளம்பியது, வதந்தி கிளம்பியது என்கிறோம். உட்கார்ந்திருந்தவர் எழுந்தாலே கிளம்பியதாகிவிடும். புறப்பட, வாசலைத் தாண்டவேண்டும். "கிளம்பிட்டேன்" என்று கைபேசியில் சொல்பவர் இன்னும் வீட்டுக்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால், சொல்லாராய்ச்சிப்படி அது பொய் ஆகாது.