இட்டேரிக்குள் வராத வண்டி

தோட்டத்து வீடுகள் – 9

பல்லடம், பொங்கலூர், காங்கேயம், தாராபுரம், ஊத்துக்குளி என்று திருப்பூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடுகள் கண்ணில் படும். கிணறும் மாட்டுக் கட்டுத்தரையும் இருக்கிற இடத்திலேயே குடியிருப்பது இந்தப் பக்கத்து வேளாண் குடும்பங்களின் வழக்கம். அந்த வீட்டுக்குப் போகும் வழிதான் இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலம், வண்டிச்சக்கரமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அறுத்த இரண்டு பள்ளங்கள், பக்கத்துத் தோட்டத்துக்குக் குறுக்கே போட்ட தண்ணீர்க் குழாய், வளைவில் ஒரு பனைமரம். தார்ச்சாலையிலிருந்து தடம் பிரியும் இடமான பிரிவில் தொடங்கி அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் உள்ளே போகும். இந்த வழியாக வீட்டுக்குப் பொருள் வந்து சேருவதைப் பற்றியது இந்த வாரக் கட்டுரை. இணையத்தில் வாங்கிய மிக்சி, மகன் அனுப்பிய மருந்துப் பொட்டலம், வங்கி அனுப்பிய அட்டை, எரிவாயு சிலிண்டர் என எதுவானாலும் பெரும்பாலும் கதை ஒன்றுதான். "பிரிவுல நிக்கறனுங்க, வந்து வாங்கிக்கறீங்களா?" என்று போன் வரும். வீட்டில் போய் வாங்க ஆள் இல்லாவிட்டால் பொருள் வந்த வழியே திரும்பிவிடும்.

தடம் சரியில்லை, அதனால் வண்டி வருவதில்லை என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது முழு உண்மையில்லை என்பதற்குச் சான்று அந்த இட்டேரியிலேயே இருக்கிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 2 லட்சம் விசைத்தறிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பகுதி கூலிக்கு நெய்பவை. பல்லடம், மங்கலம், அவினாசி, சோமனூர் வட்டாரங்களில் பல தறிக்குடோன்கள் தோட்டத்து வீட்டை ஒட்டியே நிற்கின்றன. பாவு சுற்றிய பீமையும் ஊடை நூல் மூட்டையையும் ஜவுளி உற்பத்தியாளர் டெம்போவில் ஏற்றி அனுப்புகிறார். நெய்த துணி அதே தடத்தில் திரும்பிப் போகிறது. பீம் ஒன்றை இறக்க இரண்டு மூன்று ஆள் பிடிக்க வேண்டும். அவ்வளவு கனமான சரக்கு குடோன் வாசல் வரை வரும்போது, ஒரு கிலோ பார்சல் பிரிவில் நின்றுவிடுகிறது.

கறிக்கோழிப் பண்ணையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல்லடமும் உடுமலையும் இந்தத் தொழிலுக்கு நாடறிந்த ஊர்கள். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. சுமார் 40 நாளில் கோழி எடைக்கு வந்ததும் நிறுவனமே பிடித்துக்கொண்டு போகும். ஒரு சுற்றுக்குள் குஞ்சு வண்டி, பலமுறை தீவன லாரி, கடைசியில் இரவோடு இரவாகக் கோழி ஏற்றும் லாரி எல்லாம் அதே இட்டேரியில்தான் வந்தாக வேண்டும். அதனால் லாரி வந்து திரும்ப இடம் உண்டா என்று பார்த்த பிறகே ஒப்பந்தம் பேசுகிறார்கள். விவசாயியும் ஓரிரு லோடு கிராவல் கொட்டி, தாழ்ந்த கிளையை வெட்டி, கொட்டகைக்கு முன்னால் களம் ஒதுக்கித் தருகிறார். கறுப்பு மண் பூமியில் ஐப்பசி மழைக்குச் சக்கரம் புதையும்போது டிராக்டர் கட்டி இழுப்பதும் உண்டு. வழியில்லை என்று எந்தத் தீவன லாரியும் மூட்டையைப் பிரிவில் இறக்கிவிட்டுப் போவதில்லை.

இதற்கு எதிர்ப்புறமாக ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் பனியன் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்ற வருகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கு வேண்டிய கைகளில் ஒரு பகுதி இந்தத் தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும்தான் போகிறது. அந்த வேன் இட்டேரிக்குள் நுழைவதில்லை. பெண்கள் டிபன் பாக்ஸோடு பிரிவுக்கு நடந்து வந்து நிற்கிறார்கள்; இரவு ஓவர்டைம் முடிந்து அதே பிரிவில் இறங்கி இருட்டில் நடக்கிறார்கள். ஆக, உற்பத்திக்கான சரக்குக்கு வாசல் வரை வண்டி உண்டு. உழைக்கும் ஆளுக்கும், அந்த வீடு தனக்கென்று வாங்கும் பொருளுக்கும் பிரிவு வரைதான். ஒரே தடத்தில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது தடத்தை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது. கடைசி ஒரு கிலோமீட்டரின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் வண்டி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. தீவன லாரிக்கும் பாவு டெம்போவுக்கும் அந்தச் செலவு தொழிலின் கணக்கில் முன்கூட்டியே ஏறிவிட்டது. பார்சலுக்கு அப்படி ஏறவில்லை.

பார்சல் கொண்டுவரும் இளைஞரைக் குறை சொல்வதும் நியாயமாகாது. பெரும்பாலும் அவருக்குக் கூலி பார்சல் கணக்கில்தான். வண்டி அவருடையது, பெட்ரோலும் அவர் பொறுப்பு. திருப்பூர் நகருக்குள் ஒரே தெருவில் பல பார்சல்களைக் கொடுத்துவிடும் நேரத்தில், இட்டேரியில் ஒன்றுக்காகப் போய்வர வேண்டும். நாய் துரத்தும், முள் குத்திப் பஞ்சராகும், போனுக்கு டவர் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே கூலி என்றால் அவர் பிரிவில் நிற்பதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூரத்துக்கு ஏற்ற கூலியை நிறுவனம் தர வேண்டும்.

அந்தக் கூடுதல் செலவை நகரத்து வாடிக்கையாளர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாடு அதற்கு 1854-லேயே ஒரு விடை கண்டுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தூரக் கணக்கை ஒழித்து, குறிப்பிட்ட எடைக்குள் இருந்தால் எவ்வளவு தொலைவுக்கும் அரையணா என்று கடிதக் கட்டணத்தை வகுத்தார்கள். நெருக்கமான ஊர்களின் வரவு தொலைவான ஊர்களின் செலவைத் தாங்கும் என்ற ஏற்பாட்டில்தான் அஞ்சல்துறை இன்றும் நிற்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமத்தில் இருப்பது அதனால்தான். சிலிண்டர் விஷயத்தில் நியாயம் இன்னும் நேரடியானது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி விலையிலேயே அடக்கம். கிடங்குக்குப் போய் நாமே எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையைக் கழித்துத் தர வேண்டும் என்பது விதி. பிரிவில் வந்து வாங்கும் தோட்டத்துக்காரர் முழு விலையையும் கொடுத்துவிட்டு, மொபெட்டின் முன்னால் சிலிண்டரை வைத்துக் கட்டிக்கொண்டு போகிறார்.

கூலியைச் சரிசெய்தாலும் முகவரி என்ற சிக்கல் மிஞ்சும். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடு அஞ்சலகம் வரை கொண்டுவந்து சேர்க்கிறது, அதற்குமேல் அதற்கு வேலையில்லை. இதே மாவட்டத்தில் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் 641, உடுமலைக்கு 642, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் 638 என்று எண் தொடங்குகிறது. 2009-இல் மாவட்டம் பிறந்தபோது அஞ்சல் வரைபடம் அதற்காக மாறவில்லை. ஊராட்சி தரும் கதவிலக்கமும் பல இடங்களில் வரி போட்ட வரிசையில் விழுவதால், அடுத்தடுத்த எண்கள் எதிரெதிர்க் காடுகளில் இருக்கும். 2025-இல் அஞ்சல்துறை அறிமுகப்படுத்திய டிஜிபின் நாடு முழுவதையும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஓர் அடையாளம் தருகிறது. நல்ல முயற்சி. ஆனாலும் வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், எந்த வழியாக நுழைய வேண்டும் என்பதைச் சொல்லாது. பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலுக்கு அக்கரையில் நின்றுகொண்டு எதிரே தெரியும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்குத் தேவை பாலம் உள்ள தடம். எனவே வீட்டுக்கு எண் கொடுப்பதோடு தடத்துக்கும் எண் கொடுக்க வேண்டும். தார்ச்சாலையில் இட்டேரி பிரியும் இடத்தில் ஒரு பலகை. அதில் தடத்தின் எண், உள்ளே உள்ள தோட்டங்களின் பெயர், தூரம், எந்த அளவு வண்டி போகும் என்ற குறிப்பு. ஊராட்சிப் பணத்தில் செய்யக்கூடிய சின்ன வேலை இது.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதிலாக எல்லா இட்டேரிக்கும் தார் போட்டுவிடலாமே என்பார்கள். அதற்குத் திட்டமும் இடம் தருவதில்லை, நிலமும் இடம் தருவதில்லை. 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பையே அளவாகக் கொண்டது. 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்திலும் சமவெளிக்கு அதே அளவுதான். நான்கைந்து தோட்டங்களுக்குப் போகும் தடம் அந்தக் கணக்கில் என்றைக்கும் சேராது. சேர்ந்தாலும் அகலப்படுத்தக் கிளுவை வேலியை எடுக்க வேண்டும். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வேலிதான் மேய்ப்பர். அதை நம்பித்தான் மாடுகளை உள்ளே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். பல இட்டேரிகள் இருபுறக் காட்டையும்விடத் தாழ்ந்தவை, மழைத்தண்ணீர் வடிவதும் அவற்றின் வழியாகத்தான். மேடாக்கிக் கான்கிரீட் போட்டால் தண்ணீர் யாருடைய காட்டுக்குள்ளாவது புகும். பள்ளத்தை நிரவிக் கிராவல் கொட்டி, வளைவில் கொஞ்சம் இடம் விட்டாலே பெரும்பாலான தடங்களுக்குப் போதும்.

அமெரிக்கா இதே சிக்கலை 1896-இல் சந்தித்தது. அதுவரை பண்ணை வீட்டுக்காரர்கள் தபாலுக்காக ஊருக்குப் போய்வந்தார்கள். அந்த ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் கிராமப்புற இலவச விநியோகம் தொடங்கியது. தபால் வண்டி பண்ணை வீட்டு வாசலுக்குப் போகவில்லை. அரசு வகுத்த பாதையில் வந்து, சாலையோரம் வீட்டுக்காரர் நட்ட பெட்டியில் போட்டுவிட்டுப் போனது. பாதை மோசமாக இருந்தால் சேவை கிடையாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதன் விளைவாக 1897 முதல் 1908 வரை உள்ளூர் அரசுகள் பாலங்களுக்கும் சாலைகளுக்கும் சுமார் 7.2 கோடி டாலர் செலவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சேவை முதலில் வந்தது, அதைத் தக்கவைத்துக்கொள்ளப் பாதை பின்னால் திருந்தியது. நமக்கு அதில் எடுத்துக்கொள்ள இருப்பது தடம் பிரியும் இடத்தில் பொறுப்போடு பொருளை ஒப்படைக்கும் ஏற்பாடு. பிரிவில் பெட்டிக்கடையோ பால் சொசைட்டியோ கிளை அஞ்சலகமோ பெரும்பாலும் இருக்கும். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, ரசீதோடு வாங்கி வைக்கச் சொன்னால் பொருள் திரும்பிப் போகாது. இன்று அந்தக் கடைக்காரர் நட்புக்காக இதைச் செய்கிறார். பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதற்குப் பதில் இல்லை.

இங்கே கனமான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். அந்த அச்சம் இன்னும் இந்தப் பக்கத்து வீடுகளை விட்டுப் போகவில்லை. இந்த நிலையில் பலகை வைத்துத் தோட்டப் பெயரை எழுதுவது திருடனுக்கு வழிகாட்டாதா என்று கேட்பவர்களின் பயம் உண்மையானது. அதனால் பலகையில் ஆள் பெயரோ, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோ வரக்கூடாது. தோட்டப் பெயரைக்கூட வேண்டாம் என்பவர்களுக்கு எண் மட்டும் போதும். ஆனால் நோட்டம் பார்த்து வருகிறவனுக்குப் பலகை தேவைப்படுவதில்லை. இரவில் உதவிக்கு அழைத்தால் வழி தேடித் தடுமாறுவது போலீஸ் வண்டியும் 108 ஆம்புலன்ஸும்தான். முகம் தெரியாத ஆட்களை வீட்டு வாசலுக்கு வரவழைக்காமல் பிரிவிலேயே பொருளை வாங்கி வைப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

ஆனாலும் பிரிவு வரை நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, இரண்டு மாடும் தென்னந்தோப்புமாக இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் பலர். அவர்களுக்குச் சிலிண்டரும் மருந்தும் வாசலுக்கே வர வேண்டும். முடியாத காரியமில்லை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். யார் யாருக்கு வாசல் வரை வேண்டும் என்ற பட்டியலை ஊராட்சி எடுத்து எரிவாயு முகவரிடமும் அஞ்சலகத்திலும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. மழை பிடிக்கும் முன் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் தடங்களுக்கு எண், பிரிவில் பார்சல் வாங்கி வைக்க ஓர் இடம், முதியோர் பட்டியல் என்ற மூன்றுக்கும் தீர்மானம் கேட்கலாம். தடம் யாருடையது என்பதிலேயே வழக்கு நடக்கும் இடங்களில் பலகை நடக்கூட எதிர்ப்பு வரும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் இருபது ஆண்டுக் கணக்கும், கிரயப் பத்திரங்களில் எழுதப்படும் தடப்பாத்தியம் என்ற வழி உரிமையும் அங்கே எந்த அளவு செல்லும் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.